தீக்குச்சி வைத்துப் பார்த்த ஒயர்

திருமழிசையில், பெயிண்ட் உலர்த்தும் ஓவன் செய்யும் பட்டறை எங்களுடையது. ஒயர் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அதில் எனக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஒயர் நுனியில் தீக்குச்சியைக் காட்டுவேன். குச்சியை எடுத்ததும் தீ தானாக அணைந்தால் நல்ல ஒயர். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஒயரிங் செய்ய முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வருவாள். மூன்று வருடமாக கான்ட்ராக்ட். ஆயுத பூஜைக்குள் நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். வாய் ஓயாமல் அதையே பேசுவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் ஹீட்டருக்குப் போகும் ஒயரைப் பார்த்துவிட்டு, இது எழுபது டிகிரிதான் தாங்கும், உள்ளே நூற்றைம்பது அடிக்கும், சிலிக்கான் ஒயர் வாங்குங்கள் என்றாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

குச்சியைக் கிழித்துக் காட்டினேன். தீ அணைந்தது.

"பாத்துக்கினியாமா? நெருப்பையே தாங்குது. சூட்டத் தாங்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு 'இன்ஜினியரம்மா' என்று பட்டப்பெயரும் வைத்தேன். அவள் அந்த ஒயரையே போட்டு முடித்தாள்.

இரண்டே மாதத்தில் அம்பத்தூரிலிருந்து அந்த ஓவன் திரும்பி வந்தது. உள்ளே ஒயரின் மேலுறை அப்பளமாக நொறுங்கி, செம்பு பல்லை இளித்தது. தீப்பிடிக்காமல் இருப்பது வேறு, சூட்டில் உழைப்பது வேறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலாளி வேலை அட்டையை எடுத்துப் பார்த்தார். ஒயரிங் என்ற கட்டத்தில் அவள் கையெழுத்து இருந்தது. ஒயரைத் தேர்ந்தெடுத்தவருக்கு அட்டையில் கட்டமே கிடையாது. அவர் என்னிடம் கேட்டார்.

"ஸ்டோர்ல சாதா, சிலிக்கான் ரெண்டு ஒயரும் கீது சார். மாத்திப் போட்டுட்டா போல கீது."

அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள். கட்டரையும் ஸ்குரூ டிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"நீங்க குச்சி கிழிச்சத இங்க எல்லாரும் பாத்தாங்கண்ணா."

யாரும் தலை நிமிரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. மத்தியானம் வழக்கம்போல பிரியாணி சாப்பிட்டேன்.

இப்போது ஓவனுக்கு சிலிக்கான் ஒயர்தான் வாங்குகிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் காரணம் கேட்பார்கள். முன்பு இங்கே ஒருத்தி விவரம் தெரியாமல் சாதா ஒயரைப் போட்டுவிட்டாள் என்பேன். இன்ஜினியரம்மா என்று அவளுக்குப் பெயர் என்றும் சொல்வேன்.

சிரிக்கிறார்கள்.