காய்ச்சல் என்று எழுத மறுத்தவள்

செல்லிப்பட்டு ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் திங்கட்கிழமை காலையில் என் வாசலில் வந்து நின்றார். "மேரியம்மா போய்ட்டாங்கம்மா" என்றார். ஆற்றங்கரை ஊர்களில் வாந்திபேதிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியமேரியை அதே நோய் கொண்டுபோய்விட்டது. அவளை அறிந்தவர்கள் அழலாம். ஆனால் 'பாவம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை அவள் யாரிடமிருந்தும் வாங்கியதில்லை.

புதுச்சேரியில் நாங்கள் இருவரும் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் வைத்தியம் படித்தோம். வில்லியனூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவோம். இரண்டாம் வருடம் இரசாயன வகுப்பை மாலைக்கு மாற்றினார்கள். அது முடிவதற்குள் கடைசி ரயில் போய்விடும். பட்டணத்தில் தங்க எங்களுக்கு இடமில்லை. அந்த ஒரு பாடத்தை மட்டும் அடுத்த வருடம் படிப்பதாக எழுதிக் கொடுத்தோம். வாங்கி வைத்தவர்கள் சம்பளம் நிற்கும் என்று எச்சரிக்கவில்லை. மறுமாதமே இருவருக்கும் சம்பளம் நின்றது. ஒரு பாடம் குறைந்தாலும் உதவி கிடையாது என்பது விதியாம்.

சம்பள அலுவலகக் குமாஸ்தா இரக்கமுள்ளவர். "காய்ச்சல்னு எழுதிக் குடுங்கம்மா, நோயாளிக்கு விலக்கு உண்டு" என்றார். நான் அங்கேயே எழுதினேன். மேரி காகிதத்தைத் தள்ளினாள்.

"எனக்கு இன்னா காய்ச்சல்? ரயிலு போயிடுது, அதான். அப்டியே எழுதினா வாங்குவீங்களா?"

"அதுக்கு விதியில எடமில்லம்மா."

"அப்ப கோளாறு விதியிலதான். என் ஒடம்புல இல்ல."

எனக்குச் சம்பளம் திரும்ப வந்தது. அவளுக்கு வரவில்லை. பிரசவ விடுதியின் துணிகளைத் துவைத்துப் படித்தாள். மாதம் ஒரு மனு எழுதினாள். எனக்கு ஒரு வருடம் பின்னால் தேறினாள். அதற்கடுத்த வருடம் வகுப்பு காலைக்கு மாறியது. அவள் மனுக்களால்தான் என்று எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒத்துக்க வேணாம். பொண்ணுங்க ரயிலப் புடிக்குதுங்க இல்ல?" என்று சிரித்தாள்.

என் பொய்க்காக அவளிடம் ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ படிச்சதுல இன்னாடி தப்பு? பொய் சொன்னாத்தான் படிப்புன்னு வெச்சானே, அவன் வெக்கப்படட்டும்!"

நேற்று பாகூர் மாணவி ஒருத்தி என்னிடம் நோய்ச் சான்று கேட்டு வந்தாள். தாய் படுக்கையில் கிடந்ததால் ஒரு பாடத்தை விட்டிருக்கிறாள், உதவி நின்றுவிட்டது. பொய்ச் சான்று தரமாட்டேன் என்றேன். மேரி எனக்கு விட்டுப்போனது அவளுடைய பிடிவாதம். உண்மைக் காரணத்தை எழுதி, கீழே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாளை அந்தப் பெண்ணோடு அலுவலகத்துக்குப் போகிறேன். பதில் வாங்காமல் படியிறங்க மாட்டோம்.