ஒற்றை எண்ணுக்கு மசியாத அகஸ்டினா

“ரசத்துல உப்பு கம்மி” என்று ரிச்சர்ட் சொல்லி வாய் மூடவில்லை, “எப்ப?” என்கிறார் அகஸ்டினா.

“எப்பன்னா?”

“முதல்ல ஊத்துனப்பவா, அப்பளம் கடிச்ச பிறகா?”

ரிச்சர்ட் உப்பு ஜாடியை இழுத்துக்கொள்கிறார். கல்யாணமான புதிதில் “என்மேல ஆசை இருக்கா?” என்று கேட்டு, இதே ‘எப்ப?’வைப் பதிலாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

அகஸ்டினா பகலில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறார். சாயங்காலம், நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உலகத்து விஞ்ஞானிகள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் தொகுப்பைச் சீர்செய்கிறார். விஞ்ஞானிகளுக்கு இந்த நைட்டி விவரம் தெரியாது. தெரிந்தால் இன்னும் கொஞ்சம் பயந்து மெயில் எழுதுவார்கள்.

கணக்கில் எதை ஆட்டினால் விடை எவ்வளவு ஆடும் என்று அந்தத் தொகுப்பு சொல்லும். ஆனால் மொத்த நேரத்துக்கும் சேர்த்து ஒரே எண்தான். அகஸ்டினாவுக்கு அது ஆகாது.

“நம்ம கோரிமேடு பஸ் ஸ்டாப்புல கூட்டம் உண்டா சார்? காலையில ஆஸ்பத்திரிக்கு வர்ற பஸ்ஸெல்லாம் நிக்கிறப்ப போய்ப் பாருங்க. நாள் பூரா சராசரி போட்டா அங்க காத்து வாங்குது” என்றார் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம்.

மாத்திரை ரத்தத்தில் ஏறி இறங்கும் கணக்கும் அப்படித்தானாம். முழுங்கியதும் வயிறு இழுக்கும் வேகம்தான் எல்லாம். பிறகு கிட்னியின் ராஜ்ஜியம். “ஒரே நம்பரைப் பாத்தா வயித்தை எவனும் மதிக்கமாட்டான். அளக்காமலே வுட்டுடுவான்.” ஆகவே, எந்த நேரத்தில் எது முக்கியம் என்று வரைந்து காட்டும் பகுதியை அவரே எழுதித் தொகுப்புக்கு அனுப்பினார்.

தொகுப்பின் பொறுப்பாளர் ஒரு வெளிநாட்டுக்காரர். அவரிடமிருந்து நேற்று மெயில் வந்தது. வேலை பிரமாதம்; நாளை வெளிவரும் பதிப்பிலேயே சேர்த்துவிடலாம். ஒரே நிபந்தனை: வழக்கமான ஒற்றை எண்தான் முதலில் வரும், வரைபடம் கேட்பவருக்கு மட்டும். அதற்காக, ‘வரைபடம்’ என்ற இடத்தில் அகஸ்டினா போட்டிருந்த ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ என்று அவரே திருத்தி அனுப்பியிருந்தார். சம்மதமில்லையென்றால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். அது ஒரு வருஷம்.

“முதல்ல உள்ள போயிடும்மா” என்றார் சமாதானப் பிரியர் ரிச்சர்ட். “உன் பேரு வருமில்ல. வேணுங்கறவன் கேட்டு வாங்கிக்கட்டும்.”

நானும் தலையாட்டினேன். விட்டுக்கொடுப்பது மற்றவர் என்றால் எனக்கு எப்போதும் முழுச் சம்மதம்.

“வேணும்னு தெரியாதவனுக்குத்தாங்க இது வேணும்” என்றார் அகஸ்டினா. “அவன் எங்க வந்து கேக்கப் போறான்?”

“ஒரு வருஷம் போச்சுன்னா?” என்றார் ரிச்சர்ட்.

அகஸ்டினா கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டார். ‘இல்லை’யை அழித்து ‘ஆம்’ என்று அடித்தார். திருப்பி அனுப்பினார். மறுமெயிலுக்காக ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. இன்டர்நெட்டுக்காக மோடத்தில் செருகியிருந்த போன் வயரைப் பிடுங்கித் திரும்ப டெலிபோனில் மாட்டினார்; இனி மெயில் வர வழியில்லை.