மச்சான் கொண்டுவந்த ஜி.பி.எஸ்

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர்கள்மீது எனக்கு ஒரு பொதுவான கோபம் உண்டு. துபாயில் தடுக்கி விழுந்தால் கிடைக்கிற சாக்லேட்டை, கடல் தாண்டி, பெட்டியில் உருக உருகச் சுமந்துவந்து, நமக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு நாமும் பல்லைக் காட்ட வேண்டும். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், இந்தக் கலையில் கைதேர்ந்தவர். ஆனால் ஒருமுறை அவர் சாக்லேட்டோடு நிறுத்தாமல், விமானத்துக்கான ஜி.பி.எஸ் கருவி ஒன்றையும் கொண்டுவந்துவிட்டார்.

விமானம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இருவர் மட்டும் தோளோடு தோள் இடித்து உட்காரக்கூடிய குட்டி விமானம். அதுவும் என்னுடையது இல்லை, விமானப் பயிற்சி கிளப்பினுடையது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். அஜ்மானில் குடியிருந்து துபாயில் வேலை பார்க்கிறவன், வாழ்க்கையில் பாதியை முன்னால் நிற்கும் காரின் பின்விளக்கைப் பார்த்தே கழிக்கிறான். பகல் முழுக்க, கட்டடங்களில் ஏசி குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற வேலை எனக்கு. குளிர்காற்று போகிற வேகத்தில்கூட நான் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. ஒருநாள் நெரிசலில் நிற்கும்போது தலைக்கு மேலே ஒரு குட்டி விமானம் போனது. அந்த வாரமே போய்ப் பயிற்சியில் சேர்ந்தேன். நாற்பது வயதுக்கு மேல் இந்த ஆட்டம் தேவையா என்று கேட்காதவர்கள் யாரும் இல்லை. என் மனைவி மட்டும் கேட்கவில்லை. "உங்க இஷ்டம்" என்றாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

லைசென்ஸ் வந்தபிறகு எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பறக்க வேண்டும். நான் எதையாவது உருப்படியாகச் செய்து அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் நான் செய்வதெல்லாம் பல்பு மாற்றுவதும் பில் கட்டுவதும்தான். மேலே போனால் அவள் ஒரு தடவையாவது என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நம்பினேன். அவளோ, "நல்லா கைவரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

இந்த ஊர் வானத்தில் நினைத்த பக்கமெல்லாம் போக முடியாது. ராணுவத்துக்கு ஒதுக்கிய இடங்கள் உண்டு, பெரிய விமானங்கள் இறங்கும் வழிகள் உண்டு. கோட்டைத் தாண்டினால் லைசென்ஸ் போகும். அதன் பின்னாலேயே வேலையும் விசாவும் வரிசையாகப் போகலாம். தாள் வரைபடம், திசைகாட்டி எல்லாம் இருந்தாலும் கையடக்கமாக ஒரு ஜி.பி.எஸ் இருந்தால் நிம்மதி. எல்லாரையும்போல நானும் முதலில் டேப்லெட் வைத்துப் பார்த்தேன். விமானத்தின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெயிலில் சூடேறி, தேவைப்படுகிற நேரம் பார்த்து அணைந்துபோயிற்று. காருக்கான கருவியோ, பாலைவனத்துக்கு மேலே பறக்கும்போது, இடப்பக்கம் திரும்பி சாலைக்குப் போகச் சொன்னது.

அதனால் விமானத்துக்கென்றே செய்த கருவிகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். திரை பெரிதானால் விலை எகிறியது. விலை இறங்கினால் பேட்டரி இறங்கியது. சிலவற்றில் தொடுதிரை, வியர்த்த விரலுக்கு அது மசியாது. கடைசியில் துபாயின் தேரா பகுதியில், படகுச் சாமான்களும் ரேடியோக்களும் விற்கிற ஒரு கடையில் எனக்குத் தோதான ஒன்று அகப்பட்டது. சின்னத் திரை, ஆனால் வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. தடவத் தேவையில்லாத கெட்டியான பொத்தான்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே வளைகுடாப் பகுதியின் விமானத் தளங்களும் எல்லைகளும் இருந்தன. கீழக்கரைக்காரரான கடைக்காரர் எனக்காக அதை எடுத்துவைத்தார். சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மச்சானின் போன் வந்தது. என் மனைவி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"அங்கே எதுக்கு மாப்பிள்ளை வாங்குறீங்க? எல்லாம் டபுள் ரேட் போடுவான். நான் அடுத்த மாசம் வரேன்ல, எடுத்துட்டு வரேன்" என்றார்.

"இல்ல மச்சான், இங்கேயே பாத்து வெச்சுட்டேன்."

"பாத்தா என்ன, வாங்கலையே? விடுங்க. இதெல்லாம் எங்களுக்கு இங்கே சாதாரணம்."

வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்ல என்னால் முடியவில்லை. மனைவியின் அண்ணன் கொடுப்பதை மறுத்தால் அது பல வருஷங்களுக்குப் பேச்சாக நிற்கும். அதோடு, அவளுடைய அப்பா போனபிறகு அந்த வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்தவர் அவர்தான். அவளுக்கு வங்கியில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னது அவர். ஒரு வாரத்துக்குள் போனிலேயே எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் அவர். அவர் செய்த காரியங்களிலேயே உருப்படியானது இந்தக் கடைசிக் காரியம் ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னபடி வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தார். "அஜ்மான்ல எல்லாம் ஃபேமிலி இருப்பாங்களா? பேச்சிலர்ஸ் ஏரியான்னு நெனச்சேன்" என்றார். சாப்பிடும்போது, "எத்தனை வருஷம் இருந்து என்ன மாப்பிள்ளை, நாளைக்கே விசாவைக் கேன்சல் பண்ணினா மூட்டையைக் கட்டணும். எங்களுக்கு அந்தப் பயம் இல்ல" என்றார். அவர் சொன்னது உண்மை. உண்மை என்பதால்தான் எனக்கு வயிறு எரிந்தது. சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

பிறகு கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். யாரோ ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது வாசலில் பரப்பி வைத்து விற்றதை வாங்கியிருக்கிறார். பழசுதான், ஆனால் நல்ல கம்பெனி, நல்ல திரை. நான் அதை உயிர்ப்பித்துப் பார்த்தேன். நான் பயந்தது அப்படியே இருந்தது. உள்ளே இருந்தது அமெரிக்காவின் விமான வரைபடம் மட்டும். இங்கே திரையின் நடுவில் ஒரு குட்டி விமானப் படம், அதைச் சுற்றி வெறும் வெள்ளை. இத்தனை பழைய கருவிக்கு வேறு நாட்டு வரைபடத்தை ஏற்றவும் வழியில்லை.

"மச்சான், இது உங்க ஊருக்கானது. இங்கே வேலைக்கு ஆகாது."

"ஜி.பி.எஸ்னா உலகம் பூரா ஒண்ணுதான் மாப்பிள்ளை. சேட்டிலைட் என்ன உங்க ஊரு, எங்க ஊருன்னு பாக்குமா? உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல. நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க, நான் காட்டுறேன்."

என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அண்ணன் போய்ட்டு வந்து நல்லா இருக்குன்னு சொல்லட்டும். அடுத்து நான் வரேன்" என்றாள். இவ்வளவு நாளாக நான் கெஞ்சியும் வராத சம்மதம், அவர் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை லேசான தூசி மூட்டம். பறக்கத் தடையில்லை. எனக்கு அந்த மண்ணின் ஒவ்வொரு மேடும் தெரியும். தெரியாதவருக்கு எல்லாத் திசையும் ஒன்றாகத்தான் இருக்கும். என் மனைவி கிளப்பின் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். மச்சான் என் வலப்பக்கம் ஏறி, கருவியை மடியில் வைத்துக்கொண்டு, மேலே கிளம்பும்வரை எனக்கு விமானம் ஓட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்.

ஒட்டகப் பண்ணைகளைத் தாண்டி உள்ளே போனோம். அங்கே இடப்பக்கமாகச் சாய்ந்து வட்டமடிக்க ஆரம்பித்தேன். அப்படி வட்டமடித்தால் என் பக்கம் கீழே நெடுஞ்சாலையும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்துகொண்டே இருக்கும். அவர் பக்கம் தூசியும் வானமும்தான். ரேடியோ பேச்சு என் காதுக்கு மட்டும் வரும்படி மாற்றிக்கொண்டேன்.

"மச்சான், மூட்டமா இருக்கு. எனக்கு ஒண்ணும் பிடிபடல. நாம எங்க இருக்கோம்னு அதுல பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "லோட் ஆகுது" என்றார். ஒரு வட்டம் போயிற்று. "என்ன மாப்பிள்ளை, ஒண்ணுமே வரல?"

"பக்கத்துல இருக்கிற ஏர்போர்ட்டைக் காட்டுறதுக்குப் பட்டன் இருக்கு. அதை அமுக்குங்க. நீங்கதான் காட்டுறேன்னீங்களே."

அமுக்கினார். அருகில் எதுவும் இல்லை என்று வந்தது. மறுபடி அமுக்கினார். எல்லாப் பொத்தானையும் அவர் மாறி மாறி அமுக்குவதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். நான் முள்ளைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினேன். "மாப்பிள்ளை, எனக்கு ரெண்டு பொண்ணுங்க. ஏதாச்சும் பண்ணுங்க மாப்பிள்ளை" என்றார். முருகனைக் கூப்பிட்டார். பிறகு பையைத் தேட நேரமில்லாமல் சட்டைமேலேயே வாந்தி எடுத்தார். அதன்பிறகும் அவசரப்படாமல் இன்னொரு வட்டம் அடித்துவிட்டுத்தான் விமானத்தின் மூக்கைக் கடற்கரைப் பக்கம் திருப்பினேன். ஓடுபாதை நேராக எதிரே வந்து நின்றது. இதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று யாராவது எதிர்பார்த்தால், அவர்கள் என் மச்சானோடு ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

இறங்கியதும் அவர் நேராகத் தங்கையிடம் போனார். "சூப்பர்மா. பஸ்ல போற மாதிரிதான். தைரியமா போ" என்றார். சட்டை முழுக்க ஈரம். அவள் ஈரத்தாளை எடுத்து அந்தச் சட்டையைத் துடைத்துவிட்டாள்.

அவர் ஊருக்குப் போன வாரமே அவள் வந்தாள். வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. அவள் பயப்படவே இல்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கடலைப் பார்த்தாள், உப்பங்கழியின் பச்சையைப் பார்த்தாள். "நல்லா ஓட்டுறீங்களே!" என்றாள். ஹெட்போனில் வெளிச்சத்தம் அடங்கி, பேசுகிறவர் குரல் காதுக்குள்ளேயே கேட்கும். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன்!

பிறகு கைப்பையைத் திறந்து மச்சானின் கருவியை வெளியே எடுத்தாள். "இதுல அண்ணன் என்னத்தைப் பாத்துட்டு அன்னிக்கு அப்படி இறங்கி வந்தாரு? உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எந்த இடம்? காட்டுங்க" என்றாள். ஒட்டகப் பண்ணைக்கு மேலே அதே வட்டத்தை அவளுக்காக அடித்துக் காட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததில்லை. ஊரிலேயே சந்தோஷமான ஆள் நான்தான் என்று நினைத்தேன்.

"எவ்வளவு நேரம் பயந்தாரு?"

"ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

"பத்து நிமிஷந்தானா?" என்றாள். சிரிப்பு நின்றிருந்தது.

மடியில் இருந்த கருவியைப் புரட்டிப் பார்த்தாள். "எனக்குன்னு அவரு பாத்தது எல்லாமே இப்படித்தாங்க. நல்ல சாமானாத்தான் இருக்கும். நமக்கு ஆகுமான்னு விசாரிக்க மாட்டாரு. என்னையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு."

"வேற என்ன பாத்தாரு?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"உங்களைத்தான்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. காதுக்குள் தெளிவாகக் கேட்டது. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, "அதோ தெரியுதே, அது அஜ்மானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதன்பிறகு அவள் வராமல் இருந்துவிடவில்லை. வாராவாரம் வருகிறாள். எனக்கு முன்னால் கிளம்பி நிற்கிறாள். பறப்பது அவளுக்குப் பிடித்துவிட்டது. தேராவுக்குக்கூட அவளே வந்தாள். கடைக்காரர் எடுத்துவைத்த கருவியை வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கினாள். எந்தெந்த நாட்டு வரைபடம் இருக்கிறது, வருஷா வருஷம் புதுப்பிக்க முடியுமா, சூடேறினால் அணையுமா என்று ஒன்று விடாமல் கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"எடுத்துட்டுப் போய் ஒத்துவரலைன்னா திருப்பிக் கொடுக்கலாமா பாய்?" என்றாள்.

"பெட்டியும் பில்லும் இருந்தா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்கம்மா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. வச்சுத்தான் ஓட்டணும்."

அவள் தலையை ஆட்டினாள். நான் கார்டை எடுத்து நீட்டினேன்.