நிலை வைத்தவர் பெயர்

கோட்டையூரில் தாத்தா தச்சு வேலை செய்த வீட்டின் முன் நிற்கிறேன். வாசல் நிலையின் தேக்கில் வரிசையாக அன்னங்கள். ஒன்றின் கழுத்து வளைவு இன்னொன்றைப் போல் இல்லை. எங்காவது தன் பெயரைச் செதுக்கியிருப்பாரோ என்று தடவிப் பார்க்கிறேன்.

"மரத்துல என்ன தேடுறீக?" வீட்டுக்கார ஆச்சி உள்ளேயிருந்து வருகிறார். என் வயதுதான் இருக்கும்.

தயங்கித் தயங்கிச் சொல்கிறேன். அமாவாசைத் தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர் கேட்கிறார்கள். அப்பா பெயரும் தாத்தா சின்னையா ஆசாரி பெயரும் தெரியும். தாத்தாவின் அப்பா பெயரைச் சொல்ல எங்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை. தாத்தா தன் பெயரோடு அதையும் செதுக்கியிருப்பாரோ என்றுதான் தேடுகிறேன்.

"அதுக்கு மரத்தைத் தடவுனா ஆச்சா? இங்குட்டு வாங்க."

வீடு கட்டியபோது எழுதிய நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வருகிறார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கிறது. நிலை வைத்த அன்று வேட்டி துண்டு மரியாதை பெற்றவர்களின் பெயர்கள். ஆச்சி விரல் வைத்துப் படிக்கிறார்: "கல்லல் வேலாயுத ஆசாரி மகன் சின்னையா ஆசாரி."

படித்துவிட்டு, "தகப்பன் பேரு இல்லாம எங்க வீட்டுல யாரையும் எழுத மாட்டாக" என்கிறார்.

கும்பிடுகிறேன்.

ஆச்சி பேனாவைத் திறந்து, தாத்தா பெயருக்குக் கீழே வைத்துக்கொண்டு நிமிர்கிறார்.

"பேரன் வந்ததையும் எழுதணும்ல. சொல்லுங்க, முதல்ல உங்க அப்பா பேரு."