பாக்கியம் டீச்சரும் ஓர் இரண்டரைக் கட்டைக் குரலும்

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்துக்குக் கிளம்பிக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. டீச்சரின் மாணவி செல்வி பேசினார். "சார், டீச்சர் போயிட்டாங்க சார். காப்பி குடிச்சிட்டு நாற்காலில உக்காந்திருந்தாங்களாம். அப்படியே சாஞ்சுட்டாங்களாம்." எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை இசைப் பள்ளியில் ஆறு ஆசிரியர்கள் இருந்தோம். மற்ற ஐந்து பேருக்கும் முன்னால் பெயர் வரும். வெறுமனே டீச்சர் என்றால் அது பாக்கியம் டீச்சர்தான். ஒரு காலில் காலுறையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று அலுவலகம் போகவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த வகுப்பறையை நான் விவரிக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டெல்லி லோதி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம் ஞாயிறு காலைகளில் எங்களுக்கு மூன்று அறைகளை விட்டுக்கொடுத்திருந்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி ஜமக்காளம் விரிப்போம். கரும்பலகையில் முந்தின நாள் கணக்குப் பாடம் அழியாமல் இருக்கும். எங்களில் யாரும் மேடைப் பாடகர் இல்லை. டீச்சர் ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோ, இங்கே வாய்ப்பாட்டு ஆசிரியை. நான் இன்னொன்றில் குமாஸ்தா, இங்கே வயலின் வாத்தியார். வாரம் முழுக்க மேலதிகாரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அதட்டுகிற ஆள்.

டீச்சருக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் பாடமே கிடையாது. "பக்கத்து ரூம்ல உங்க வீட்டு ஆளு ஒருத்தர் இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க" என்பார். டெல்லியில் பிறந்த பிள்ளைகள் "மம்மீ" என்று கத்தும். அந்தக் குரல் இயல்பாக எந்த உயரத்தில் நிற்கிறது என்று சுருதிப் பெட்டியைத் திருகிப் பார்த்து, அதைக் கட்டைக் கணக்கில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுவார். சிலருக்கு ஐந்து கட்டை, சிலருக்கு ஆறு, சிலருக்கு நாலரை. பெரும்பாலும் ஐந்துக்குப் பக்கத்திலேயே வரும். பிறகு எதற்கு இந்த மெனக்கெடல் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"இது பாட்டு வகுப்பா, தையல் கடையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தையல் கடைன்னே வச்சுக்கோங்க சார். அவன் முதல்ல அளவுல்லா எடுக்கான். நீங்க எடுத்த எடுப்புல கத்திரிய வைக்கீங்க" என்றார். முப்பது வருஷம் டெல்லியில் இருந்தும் திருநெல்வேலி அவர் பேச்சைவிட்டு இறங்கவே இல்லை.

என் கத்திரி கூர்மையானதுதான். பதினைந்து பேரோடு தொடங்கிய என் வயலின் வகுப்பு இரண்டே வருஷத்தில் நான்கு பேரானது. அதைத் தரம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் செல்வி வந்தார். உசிலம்பட்டிப் பக்கம். கணவர் விமானப்படையில் சார்ஜென்ட், வீடு ஊர் எல்லையில், பாலம் என்ற பகுதியின் விமானப்படைக் குவார்ட்டர்ஸில். மகளை இரண்டு பஸ் மாறி அழைத்துவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார். பின்னிக்கொண்டே உள்ளே நடக்கும் பாடத்தை முணுமுணுப்பார். டீச்சர் காதில் அது விழுந்துவிட்டது.

"வெளிய உக்காந்து பாடுறத உள்ள உக்காந்து பாடலாம்லா?"

"ஐயோ, நான் போயி பிள்ளைகளோடயா டீச்சர்?"

முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி பி காயேங்கி?" என்று வாய்விட்டுச் சிரித்தாள். "ஆமா, ஆன்ட்டியும் பாடுவாங்க. ஜல்தி தள்ளி உக்காரு" என்றார் டீச்சர். யாரையாவது கூப்பிடச் சொன்னதும் செல்வி வெட்கப்பட்டுக்கொண்டு "ஏங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். கனத்த, தாழ்ந்த குரல். அடுத்த அறையில் இருந்த என் மாணவர்கள் வில்லை நிறுத்திவிட்டார்கள். அவர் நோட்டில் டீச்சர் எழுதியது இரண்டரைக் கட்டை.

அந்த வருஷ ஆண்டு விழாவுக்கு டீச்சர் வகுப்பின் பன்னிரண்டு பேர் சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. டிசம்பரில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒத்திகை என் தலையில் விழுந்தது. நான் யார் நோட்டையும் திறக்கவில்லை. பெட்டியை ஐந்து கட்டையில் வைத்துப் பாடச் சொன்னேன். பதினோரு குரல் சேர்ந்தது. செல்வியின் குரல் மேலே ஏற முடியாமல் உடைந்து, தனியாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்: "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. மேடையில நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும். சத்தம் வேணாம்."

"சரிங்க சார்" என்றார்.

அடுத்த ஞாயிறு மகள் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரோடு வந்தாள். அதற்கடுத்த வாரம் இருவருமே வரவில்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரியில் டீச்சர் கழுத்தில் மஃப்ளரோடு திரும்பி வந்தார். ஜமக்காளத்தைப் பார்த்ததும் "செல்வி எங்க?" என்றார். ஏதோ சாமர்த்தியம் செய்த மாதிரி நடந்ததைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"ரெண்டரைன்னு முதல் பக்கத்துல எழுதி வச்சிருக்கேனே சார். பாத்தீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப கோளாறு அவங்க தொண்டைலயா, நீங்க வச்ச சுருதிலயா?"

அன்று மதியமே என்னைப் பஸ்ஸில் ஏற்றிப் பாலம் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தார். செல்வி வீட்டில் உட்கார்ந்ததும், "சார் உங்ககிட்ட ஒண்ணு சொல்ல வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு டீயைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் திக்கித் திணறி, தப்பு என்னுடையது என்றேன். அதுவரை நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

"விடுங்க சார். பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் சொன்னாங்க. எனக்குப் பழக்கந்தான்" என்றார் செல்வி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் 'பழக்கந்தான்' இன்னும் என்னை விடவில்லை.

அடுத்த ஞாயிறு செல்வி மகளோடு திரும்பி வந்தார். விழாவுக்கு இரண்டு வாரமே இருந்தது. மொத்தப் பாட்டையும் இரண்டரைக்கு இறக்கினார் டீச்சர். எங்கள் செயலாளர் குதித்தார். "ஒரு ஆளுக்காகப் பதினோரு பேரை அமுக்குறீங்களே மேடம்! பெரிய ஆளுங்க வராங்க. பாட்டு எடுபடாது."

"எடுபடலன்னா அடுத்த வருஷம் எடுபடட்டும். இந்தத் தடவை போனா அவங்க திரும்பி வரமாட்டாங்க சார். முடியாதுன்னா எங்க வகுப்பு பாடல. அவ்வளவுதான்."

செயலாளர் என்னைப் பார்த்தார். வழக்கமாக நான் அவர் பக்கம். அன்று தரையைப் பார்த்துக்கொண்டு "டீச்சர் சொல்றது சரி" என்றேன்.

பாட்டு பிரமாதமாக அமைந்தது என்று எழுத ஆசைதான். டீச்சர் பொய் பொறுக்கமாட்டார். பிள்ளைகளின் குரல் மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு கீழே இறங்குகிற இடங்களில் அவர்கள் குரல் காணாமல் போனபோது, செல்வியின் குரல் ஒன்றே நின்று பாட்டைத் தாங்கியது. முதல் தடவை பிள்ளைகள் மிரண்டார்கள். இரண்டாம் தடவை அந்த இடம் வந்ததும் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மகள் அம்மாவின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு பாடினாள். பக்கவாட்டில் நின்ற டீச்சர் இருமலை அடக்க மஃப்ளரை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் ஆண்டு விழாப் பாட்டை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் முறையிடவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறு தவறாமல் வந்து, புதியவர்களைக் கூப்பிடச் சொல்லி, முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். நான் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. ஆனால் அந்தப் பாலம் பயணத்துக்குப் பிறகு என் வகுப்பிலிருந்து யாரும் போனால், ஏன் என்று கேட்க வீடு தேடிப் போனேன். நான்கு பேர் பதினோரு பேரானார்கள்.

போன ஞாயிறு அதே அறையில் அஞ்சலிக்கூட்டம். யாரோ வழக்கம்போலப் பெட்டியை ஐந்தில் வைத்திருந்தார்கள். இப்போது டெல்லி துவாரகாவில் குடியிருக்கும் செல்வி எழுந்துபோய் அதை இரண்டரைக்குத் திருகினார். அன்றைய அதே பாட்டை எல்லோரும் சேர்ந்து தொடங்கினோம். முதல் வரியிலேயே என் குரல் நின்றுவிட்டது. மரியாதைக்கு உதட்டை அசைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற செல்வி கவனித்துவிட்டார். பாட்டின் இடைவெளியில், கண்ணைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "சார், வாயை மட்டும் அசைச்சாப் போதாது."

பாடினேன். குரல் உடைந்தது, சுருதி சேரவில்லை. யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை.

டீச்சரின் வகுப்பை இனி செல்வி எடுக்கிறார். முதல் நாள் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த ஞாயிறு நான்கு பேர் சேருகிறார்கள். வீட்டில் யாரையாவது கூப்பிடச் சொல்வேன். அவர்கள் கூப்பிட்டு முடித்து, நான் முதல் பக்கத்தில் எழுதி முடிக்கும்வரை எதுவும் சொல்லித்தரமாட்டேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். இதை விடுவதாக இல்லை.