நான்கு சுவருக்கு ஒரு திதிமணி

போன மாதம், டாலிகஞ்சில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு எட்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்தேன். மாலை போட்டுப் பேசச் சொன்னார்கள். என்னைப் பற்றி நானே அரை மணி நேரம் பேசினேன். வேறு யாரிடமாவது விட்டால் பாதியை மறந்துவிடுவார்கள். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் லேக் கார்டன்ஸில் இட்லி என்றால் என் மூன்று கடைகள்தான். இருபத்திரண்டு பேரைக் கட்டி மேய்க்கிறேன். மேடையில் சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தபோது பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு கூடம். நாலு வகுப்பு, எழுபது பிள்ளைகள், ஒரு திதிமணி. டீச்சரை இங்கே வங்காளத்தில் அப்படித்தான் கூப்பிட வேண்டும். கூட ஒரு வாத்தியார் இருந்தார், மாற்றலாகிப் போனார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. திதிமணி என்ன செய்தார் தெரியுமா? நாலு சுவரிலும் நாலு கரும்பலகை மாட்டி, ஒவ்வொரு வகுப்பையும் ஒரு சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். நடுவில் அவர் நின்றார். நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அவருடைய குடைதான் உட்கார்ந்திருக்கும்.

ஒரு பக்கம் வாய்ப்பாடு கத்தும், இன்னொரு பக்கம் ஊர்ப் பெயர்கள் ஓடும். முதுகுக்குப் பின்னால் சும்மா உதட்டை மட்டும் அசைக்கிறவன் யார் என்று திரும்பாமலே சொல்வார். மணி அடிப்பதும் அவர், ரொட்டி பங்கிடுவதும் அவர், மூக்கு ஒழுகினால் ‘ஷோனா’, அதாவது தங்கம், என்று கொஞ்சித் துடைப்பதும் அவர். பூஜைப் பந்தலில் பத்துக் கை துர்க்கையைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் திதிமணி இதையெல்லாம் இரண்டு கையால் செய்கிறாரே என்றுதான் தோன்றியது.

நான் இரண்டாம் வகுப்பு. வீட்டில் திருநெல்வேலித் தமிழ்; தெருவில் வங்காளம் பொளந்துகட்டுவேன். எழுத்து மட்டும் ஏறவில்லை. என்னைப் போல இன்னும் நாலைந்து பேர். பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். திதிமணி வந்து என் அருகில் குந்துவார், ஓர் எழுத்து முடிவதற்குள் ஒன்றாம் வகுப்பில் எவனாவது எவனையாவது கடித்துவிடுவான், எழுந்து ஓடுவார். எங்களுக்காகவே இன்னொரு டீச்சர் வேண்டும் என்று அலிப்பூர் கல்வி ஆபீசுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில், நேரில் பார்த்து முடிவு சொல்ல ஓர் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது.

“நாளைக்கு இன்ஸ்பெக்டர் பாபு வர்றார். தினமும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க” என்றார் திதிமணி.

என் அப்பா வங்கியில் பியூன். ஆடிட் வரும் நாளில் காலி பைலைக்கூடத் துடைத்து அடுக்கி வைக்கிறவர். இன்ஸ்பெக்டர் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு ஒரு குறையும் தெரியக் கூடாதுலே. தெரிஞ்சா பொறுப்புல இருக்கவங்க தலைதான் உருளும்.”

திதிமணியின் தலை உருள விடுவேனா? நாலாம் வகுப்பில் இருந்த அக்கா, நதியைப் பற்றிய பாடம் ஒன்றை அன்று சாயங்காலமே எனக்கு வாயாலேயே ஏற்றினாள். “கண்ணு புஸ்தகத்துல இருக்கட்டும். வாய் நான் சொன்னதச் சொல்லட்டும். முழிச்சே, தொலைச்சிருவேன்.” ஞாபக சக்தி எனக்கு அப்போதே அபாரம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குடையை எடுத்துவிட்டு நாற்காலியை அவருக்குப் போட்டார்கள். இரண்டாம் வகுப்பில் யார் படித்துக் காட்டுகிறீர்கள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து போய் எதிரே நின்றேன். புத்தகத்தைப் பிரித்தேன். நதி மலையில் பிறந்து கடலில் போய்ச் சேரும்வரை ஓர் இடத்தில் நிறுத்தவில்லை.

“ஷாபாஷ்! மதராஸிப் பையனே இப்படிப் படிக்கிறான். அப்புறம் யாருக்காக இன்னொரு ஆள் கேக்கறீங்க, திதிமணி?”

திதிமணி எனக்குப் பின்னால் நின்றிருந்தார். என் தோளுக்கு மேலாகக் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். நாலு சுவரையும் விட்டுத் திரும்பி எழுபது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல ஞாபகசாலிப் பையன், ஸார்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதிக்கொண்டு போனார். ஆள் வரவில்லை. எழுத்தை நான் பிற்பாடு பஸ் பலகைகளில் கற்றேன். அதற்கப்புறம் ஒரு நாள் அந்தப் பழைய புத்தகத்தைப் புரட்டியபோதுதான், நதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றே தெரியாமல் அன்று நின்றிருக்கிறேன் என்பது உறைத்தது. ‘இவனுக்காகத்தான் கேட்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திதிமணிக்கு ஆள் கிடைத்திருக்கும். எழுபது பேர் முன்னால் என் மானம் போயிருக்கும். இருபத்திரண்டு பேரை மேய்க்கிறவன் சொல்கிறேன், அந்த இடத்தில் என்னால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க முடியாது.

அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? இன்ஸ்பெக்டர் போனதும் திதிமணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னை அருகே அழைத்து, கையிலிருந்த புத்தகத்தைப் பத்துப் பன்னிரண்டு பக்கம் பின்னோக்கிப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“நதி இங்க இருக்கு, ஷோனா.”

என் படிப்பு அவ்வளவு பிடித்துப்போய் இன்னொரு தடவை கேட்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்தி, முன்னைவிடச் சத்தமாக ஒப்பித்தேன். ஒன்றாம் வகுப்பில் எவனோ எவனையோ கடித்தான். திதிமணி எழுந்திருக்கவில்லை. கடல் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.