அவள் குரலில் ஒன்பது பொத்தான்கள்

மொரப்பூரில் எங்கள் வீட்டுப் பின்னறை முழுக்க என் சாமான்கள்தான். பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. அது முடிந்து வந்தால் அந்த அறைக்குள் போய்விடுவேன். ஓடாத ரேடியோவுக்கு உயிர் கொடுப்பது, ஆம்ப்ளிஃபயர் கட்டுவது, தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும்படி செய்வது என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். ஈயம் பற்றவைக்கும்போது எழும் புகை என் மனைவிக்கு ஆகாது. "வூடா இது, வெல்டிங் பட்டறையா?" என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போவாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை, தோசைக்கல்லில் மாவை ஊற்றியவள் அப்படியே சரிந்து விழுந்தாள். தருமபுரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். மூன்று வாரம் கழித்து வீடு திரும்பியபோது வலது கை தொங்கிக்கிடந்தது. பேச்சு போயிருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம்: "இல்ல." தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல, வேண்டாமா என்றாலும் இல்ல.

"நீங்க பேசறது அவங்களுக்குப் புரியும்ங்க. நெனைக்கறது வாய்க்கு வராது, அவ்ளோதான்" என்றார் மருத்துவர். பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் வரலாம் என்றும் சொன்னார். ஆறு மாதம் கொடுத்தோம். வரவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பொத்தானை அமுக்கினால் பேசுகிற ஒரு பெட்டி செய்யலாம் என்று நினைத்தேன். மெமரி கார்டில் ஒலியைப் பதிந்து வைத்தால் அதை ஒலிக்கவைக்கும் சின்ன சர்க்யூட் பலகை எளிதில் கிடைக்கிறது. அதோடு ஒரு ஸ்பீக்கர், ஒன்பது பொத்தான்கள். வேலை கடினமில்லை. ஆனால் யார் குரலில் பேசவைப்பது? என் குரலில் அவள் தண்ணீர் கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஓசூரில் வேலை பார்க்கும் மகளிடம் சொன்னேன். "அம்மா எனக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அப்படியே இருக்குப்பா. ஒண்ணுகூட அழிக்கல" என்றாள். அன்றைக்கே அத்தனையும் அனுப்பிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வருடத்துப் பேச்சு. "சாப்புட்டியா?" "காய்ச்சல் வுட்டுச்சா?" "பஸ்ஸுல ஜன்னலோரம் ஒக்காராத, மழ வருது." "ஒங்கப்பா இன்னும் சாப்புடல, அந்த ரூம்லயே கெடக்கறாரு." மதியம் வரை கேட்டேன். ஒரு தாளில் எனக்கு வேண்டிய ஒன்பது சொற்களை எழுதி வைத்திருந்தேன். தண்ணி கிடைத்தது, 'தண்ணி வரல, நாளைக்குத்தான் துணி தொவைக்கணும்' என்பதிலிருந்து வெட்டி எடுத்தேன். டீ கிடைத்தது. பசிக்குது கிடைக்கவில்லை. "பசிக்குதா?" என்றுதான் இருந்தது, நாலைந்து இடங்களில். கடைசி எழுத்தைக் குறுக்கிப் பார்த்தேன். எப்படி வெட்டினாலும் அது கேள்வியாகவே ஒலித்தது.

வலிக்குது என்ற சொல் எங்குமே இல்லை. எனக்கு என்று தொடங்கும் ஒரு வாக்கியம்கூட இல்லை. அவளுக்கு முழங்கால் வலி உண்டு, அடிக்கடி தலைவலியும் வரும். மகளிடம் அதையெல்லாம் அவள் சொல்லவே இல்லை. என்னிடம் சொல்லியிருக்கிறாளா என்று யோசித்தேன். சொல்லியிருப்பாள். எந்தச் சொற்களில் சொன்னாள் என்று நினைவுக்கு வரவில்லை.

அந்தப் 'பசிக்குதா?'வை அப்படியே வைத்துக்கொண்டேன். கிடைக்காத மற்ற நான்கு சொற்களை மகள் பேசி அனுப்பினாள். தாய்க்கும் மகளுக்கும் குரல் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்விட்ச் பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் பொருத்தி, ஒவ்வொரு பொத்தானுக்குப் பக்கத்திலும் ஒரு படம் ஒட்டினேன். மறுவாரம் சனிக்கிழமை காலை கட்டிலருகே கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.

"இந்தா, டம்ளர் படம் போட்டிருக்குல்ல, அத அமுக்கு."

இடது கை விரலால் அமுக்கினாள். "தண்ணி" என்றது பெட்டி. அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். "தண்ணி." எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "அப்படித்தான், அடுத்தத அமுக்கு" என்றேன். "டீ." "பசிக்குதா?"

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. "அண்ணா! அக்காவுக்குப் பேச்சு வந்துடுச்சுங்களா? எங்கூட்டு வரைக்கும் கேக்குது!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். கட்டிலைப் பார்த்தாள், மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "அதானே பாத்தேன்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். நுரைக் கையைப் பின்னால் மறைத்தபடி, "வரேங்கண்ணா" என்று போனாள்.

என் மனைவி பெட்டியை இடது கையால் தள்ளிவிட்டாள். அது கட்டிலிலிருந்து விழுந்து மூடி கழன்றது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் முதலில் மூடியைத்தான் எடுத்தேன். ஒயர் ஏதும் அறுந்ததா என்று பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தேன், அவள் தொடவில்லை. குரல் இல்லாமல் வெறும் மணி அடிக்கிற மாதிரி மாற்றினேன். மணியை ஒரே ஒரு முறை, நான் கெஞ்சியதற்காக அமுக்கினாள். பிறகு விட்டுவிட்டாள். பின்னறைக்கு நான் போவதும் குறைந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்து ஊகிக்கப் பழகினேன். பசியும் தூக்கமும் பிடிபட்டன. மற்றவை பிடிபடவில்லை.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவள் காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். பிறகு அடுக்களைப் பக்கம் காட்டினாள். தட்டை எடுத்து வந்தேன். மூடி, வளையல், சுவர்க் கடிகாரம், மாத்திரை டப்பா, பூரிக்கட்டை வரை கொண்டுவந்தேன். ஒவ்வொன்றுக்கும் இல்ல, இல்ல என்றாள். மறுபடி வட்டம் போட்டாள். மகளைப் போனில் கூப்பிட்டு, வட்டத்தைக் கேமராவில் காட்டினேன். அவளுக்கும் தெரியவில்லை. நான்கு மணி வாக்கில் என் மனைவியின் கை ஓய்ந்து மடியில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் நானே காற்றில் வட்டம் போட்டுக் காட்டி, "என்ன கேட்ட?" என்றேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவள் எதையும் கேட்பதில்லை.